பதில் இல்லை என்று நான் எழுதிய பதினொரு இடங்கள்

அன்புள்ள தனம் அக்காவுக்கு,

உங்களை அக்கா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை? உங்கள் எதிரில் நான் உட்கார்ந்திருந்தது மொத்தம் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தை வைத்துக்கொண்டுதான், உங்களுக்குச் சித்த சுவாதீனம் இல்லை, சொந்தக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் திறன் இல்லை என்று அறிக்கை எழுதினேன். உங்கள் கணவரின் அண்ணன் போட்ட மனுவில் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. கொள்ளிடக் கரையில் இருந்த உங்கள் வாழைத்தோட்டம் அந்த மூத்தாரின் பொறுப்புக்கே போயிற்று. பதினான்கு வயது சரோஜாவும் அவர் வீட்டுக்குப் போனாள். கணவரும் இல்லாத நீங்கள், ஒரு துணிமூட்டையோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தீர்கள்.

நான் யாரென்றே உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. மனதை அளக்கும் சோதனைகளை மெட்ராஸில் படித்துவிட்டு, திருச்சியில் ஒரு மனநல மருத்துவருக்கு உதவியாளனாக இருந்தேன். கோர்ட் அனுப்பும் ஆட்களுக்குச் சோதனை வைத்து மதிப்பெண் போட்டுக் கொடுப்பது என் வேலை. நான் யார், எதற்காகக் கேட்கிறேன், பதில் சொல்லாவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்பதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

போன மாதம் சரோஜா என்னைத் தேடி வந்தாள். நான் இப்போது திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில், வேலைக்கு வருகிறவர்களின் கைத்திறனைச் சோதிக்கிறேன். உங்கள் மகளுக்கு வயது பத்தொன்பது ஆகிவிட்டது. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"நீங்கதானே நடராஜன்? நான் தனத்தோட பொண்ணு. அம்மா செத்து நாப்பது நாளாச்சு. காய்ச்சல்."

அவள் பையிலிருந்து என் அறிக்கையின் நகலை எடுத்தாள்.

"பதினொரு எடத்துல பதில் இல்லைன்னு போட்டிருக்கீங்க. எண்ணிப் பாத்துட்டேன். அந்த ரூம்ல எங்க பெரியப்பா இருந்தாரா?"

"இருந்தாரு."

"எங்க?"

"நாற்காலில, பக்கத்துலயே."

அவள் சிரித்துவிட்டாள், அக்கா. "எங்கம்மா பெரியப்பா முன்னாடி தும்மினதுகூடக் கிடையாதுங்க. அவர் வந்தா அடுப்படிக்குப் போயிடுவாங்க. ஏதாச்சும் சொல்லணும்னா என்னை விட்டுத்தான் சொல்லுவாங்க. நீங்க என்ன, லண்டன்லயா பொறந்தீங்க?"

"முசிறி."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரியும். என் அப்பாவின் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தால் என் அம்மா எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவார். 'சாப்பிடுறாங்களான்னு கேளுடா' என்று என்னைத்தான் தூது விடுவார். இருபது வருஷம் அந்தத் தூது வேலையைப் பார்த்தவன் நான். தெரியாமல் செய்த தவறாக இருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

சோதனை அறையில் மூன்றாவது ஆள் இருக்கக்கூடாது. விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. உங்கள் மூத்தார் உங்களைக் கூட்டிவந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே போங்கள் என்றால் வாக்குவாதம் வரும், கால் மணி நேரம் வீணாகும். எனக்கோ அன்று மதியம் இதே தொழிற்சாலையில் இன்டர்வியூ. திருவெறும்பூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

உங்களை உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் எப்படி உட்காருவீர்கள்? மேசைக்கு அந்தப் பக்கம் சுவரை ஒட்டி நின்றீர்கள். பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன். தரையைப் பார்த்து முணுமுணுத்தீர்கள். அவர் ஒருமுறை கனைத்தார். அதோடு முணுமுணுப்பும் நின்றது.

"வீட்லயும் இதே கதைதான் சார். எதைக் கேட்டாலும் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும்" என்றார் அவர். அதை மட்டும் அக்கறையாகக் குறித்துக்கொண்டேன்.

சிவப்பும் வெள்ளையுமாக மரக்கட்டைகளைக் கொடுத்து, படத்தில் இருப்பதுபோல் அடுக்கச் சொன்னேன். உங்கள் ஒரு கை முந்தானையைத் தோளோடு இழுத்துப் பிடித்திருந்தது. மற்றக் கையால் மட்டும் கட்டைகளை நகர்த்தினீர்கள். நேரம் முடிந்து ஸ்டாப்வாட்சை நிறுத்தியபோது பாக்கி இருந்தது ஒரே கட்டை. 'கைவேகம் மிகவும் மந்தம்' என்று எழுதினேன். இரண்டு கைக்கு வகுத்த நேரத்தை ஒரு கைக்குப் போட்டு அளக்கிறோமே என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஐந்து எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. ஞாபகசக்திக்குப் பூஜ்யம் போட்டேன்.

"வாழைத்தார் ஏத்த வர்ற லாரி நம்பரெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம்" என்றாள் சரோஜா. "எந்த லாரி எந்தக் கிழமை வந்துச்சு, டிரைவர் யாருன்னு கேட்டாக்கூடச் சொல்லுவாங்க. ஸ்ரீரங்கத்துல சாப்பாட்டுக் கடையில காய் நறுக்கத்தான் சேந்தாங்க. ஆறு மாசத்துல முதலாளி சாமான் அறைச் சாவியையே அம்மா கையில குடுத்துட்டாரு. அவருக்கு உங்க அளவுக்குப் படிப்பு இல்லை பாருங்க."

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்றும் இருந்தது. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கட்டைகளை என்னிடம் திருப்பிக் கொடுக்கக் குனிந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள். "தம்பி, அவங்களைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்களேன். நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லிடுறேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நேரம் ஓடுதும்மா. தெரிஞ்சா சொல்லுங்க, இல்லைன்னா விடுங்க."

நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

சோதனைக்கு வந்தவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்பதும் விதிதான். அந்த இரண்டு வாக்கியத்தையும் நான் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. எழுதினால் மருத்துவர், 'மறுபடி தனியாக வைத்துச் சோதி' என்று திருப்பி அனுப்புவார் என்று தெரிந்துதான் எழுதவில்லை. புத்தி பேதலித்தவர் கேட்கிற கேள்வியா அது? அந்த அறையில் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று சரியாக யோசித்தவர் நீங்கள் ஒருவர்தானே?

கோர்ட்டில் உங்கள் வக்கீல் என்னைக் கேட்டார்: "இந்த அம்மாவைத் தனியாக வைத்துச் சோதித்தீர்களா?" சத்தியம் செய்துவிட்டு நான் சொன்ன பதில்: "சோதனை விதிப்படி நடந்தது." அவர் மேற்கொண்டு துருவவில்லை. பிறகு ஜட்ஜ் உங்களையே நேராகக் கேட்டார். உங்கள் மூத்தார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் அன்றும் பேசவில்லை. ஜட்ஜ் என் அறிக்கையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், தலையாட்டிக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்து, ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தம்பி, இங்க எடம் இருக்கு, உக்காருங்க" என்று குரல் கேட்டது. நகர்ந்து இடம் விட்டிருந்தீர்கள். என் முகம் உங்களுக்கு அடையாளம் தெரிந்ததா, இல்லை நிற்கிற யாரையும் அப்படித்தான் கூப்பிடுவீர்களா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. காது கேட்காதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி, பாலத்தை நடந்து கடந்தேன்.

இப்போதைய செய்தியைச் சொல்கிறேன். உங்கள் தோட்டத்தை மூத்தார் தன் மகனுக்கே கைமாற்றிவிட்டார். பழைய உத்தரவே மோசடியாக வாங்கியது என்று சரோஜா வழக்குப் போட்டிருக்கிறாள். இரண்டு இடத்தில் பெண் பார்க்க வந்து, 'தாய்க்குச் சித்தம் சரியில்லையாமே' என்று எழுந்து போய்விட்டார்களாம். அவளுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அம்மாவின் பெயருக்கு எதிரே அந்த வார்த்தை இருக்கக்கூடாது என்பதில்தான் பிடிவாதமாக இருக்கிறாள். என் சாட்சி இல்லாமல் அது நடக்காது என்கிறார் அவளுடைய வக்கீல். சாட்சி சொன்னால் பொய்ச் சத்தியம் செய்ததாக என் மேல் வழக்கு வரலாம், வேலையும் போகலாம் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

என் பழைய மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். "முடிஞ்சுபோன கேஸை எதுக்குடா கிளர்றே? செத்தவளுக்கு இனி என்ன ஆகணும்?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் சரோஜாவிடம் அந்த இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன்.

"அம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இதைக் கோர்ட்ல சொல்லுவீங்களா?"

"சத்தியமாச் சொல்றேன்."

"போன தடவையும் சத்தியம் பண்ணித்தானே சொன்னீங்க" என்றாள்.

அதனால் இந்தத் தடவை என் வாய்வார்த்தையை யாரும் நம்ப வேண்டியதில்லை. நடந்ததை முழுவதும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேற்று அவள் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். நானே நினைத்தாலும் இனி திரும்ப வாங்க முடியாது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பஸ்ஸில் இடம் கொடுத்தவர் அதையும் கொடுத்துவிடுவார், எனக்குச் சுலபமாகிவிடும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை கூண்டில் ஏறி, நீங்கள் அன்று சொன்னதை நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே சொல்வேன். அதற்கு நான் கொடுத்த பதிலையும் சொல்வேன். இரண்டையும் எழுத்தர் எழுதி முடிக்கும்வரை இறங்க மாட்டேன்.

ஐந்து வருஷம் தாமதமாக வந்த உங்கள் தம்பி,
நடராஜன்