உன் ரோஜாவுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

கையில் வேப்பெண்ணெய் வாடை. எத்தனை முறை சோப்பு போட்டாலும் போக மாட்டேன் என்கிறது. மதியம் சாப்பிட்ட ரசம்கூடக் கசந்தது. உன் பன்னீர் ரோஜாவுக்கு அடித்துவிட்டு வந்த கை இது. செடி என்ன ஆயிற்று என்று நீ பறப்பாய். சொல்கிறேன், செத்த இரு. எந்தச் சேதியையும் நீயும் நேராகச் சொன்னவள் இல்லையே.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம், உன் வீட்டுக்காரர் எதிர்வீட்டிலிருந்து வந்து என் வாசலில் நின்றார். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலைந்து ரோஜா இலைகள். இலை முழுக்க ஓரம் பிசிறடித்த கறுப்புப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி மஞ்சள்.

"தோல்ல புள்ளி இருந்தா பாத்த உடனே சொல்லிருவேன்ம்மா. இலையில எனக்கு என்ன தெரியும்? அவ செடி. செத்துருமோன்னு பயமா இருக்கு" என்றார்.

பேகம்பூர் தோல் மண்டியிலேயே தலை நரைத்த மனுஷன். போன கோடையில் நீ கண்ணை மூடியபோதுகூடக் கலங்காமல் நின்று, வந்த எல்லாரையும் வழியனுப்பியவர். அவர் பயந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உப்பு எதுவும் போடலையேண்ணே?" என்று கேட்டேன்.

"போடலம்மா. அவ போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு" என்று சிரித்தார். தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுவதுபோல ரோஜாவுக்கும் போட்டால் சரியாகும் என்று அவர் ஒரு கை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனதும், நீ தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியதும் நினைவிருக்கிறதா? என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

உன் வைத்தியம் எனக்கு அத்துப்படி. என் கறிவேப்பிலை கறுத்துப்போனபோது நான் மருந்துக்கடைக்குக் கிளம்பிவிட்டேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய். கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து இலையைத் தேய்த்தாய். கறுப்பு அத்தனையும் உன் விரலோடு வந்துவிட்டது, இலை பச்சையாகச் சிரித்தது. "கூறுகெட்டவளே, இது இலையில வந்த நோயில்ல, மேல படிஞ்ச கரி. அடியில திருப்பிப் பாரு" என்றாய். அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி, அதன் பின்னால் எறும்பு வரிசை. பூச்சி விடுகிற பிசினில்தான் அந்தக் கரி படிகிறதாம். பூச்சியை நீரடித்துக் கழுவியதோடு சரி. மருந்துக்கடைக்குக் கொடுக்க இருந்த காசைப் பிடுங்கிக்கொண்டு பிரியாணி ஆக்கிப் போட்டாய். அந்தக் கணக்கில் எனக்கு நஷ்டமே இல்லை.

தேய்த்துப் பார், திருப்பிப் பார். அதற்கப்புறம் நீ செடியை விட்டுவிட்டு வீட்டை விசாரிப்பாய். "தண்ணி யாரு ஊத்துறா? எப்ப?"

அதே முறையில் உன் மாடியில் நானும் தொடங்கினேன். தேய்த்தேன், புள்ளி அசையவில்லை. திருப்பினேன், பூச்சி இல்லை. தொட்டியைச் சுற்றி உதிர்ந்த இலைகள் மக்கிக் கிடந்தன. "தண்ணி யாருண்ணே ஊத்துறது?"

"நான்தான். மஃரிப் தொழுதுட்டு வந்து ஊத்துவேன்."

"வேர்லயா?"

"மேலருந்தும்மா, குளிப்பாட்டுற மாதிரி. இலையில தூசி இருந்தா அவளுக்குப் பிடிக்காதுல்ல."

தினமும் இருட்டும் நேரத்தில் நனைத்தால் இலை விடிய விடிய ஈரமாகவே இருக்கும். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? புள்ளி விழுந்த இலைகளை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும், உதிர்ந்ததையும் பொறுக்க வேண்டும், இனி காலையில் வேரில் மட்டும் தண்ணீர் என்றேன்.

"அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்ணே."

"அவ கை பட்ட செடிம்மா. மொட்டையா நிக்கிறத எப்பிடிப் பாப்பேன்?"

சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டாம் என்று இறங்கி வந்துவிடத்தான் தோன்றியது. வெட்டிய பிறகு துளிர்க்காமலே போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆனால் விட்டால் மிச்சம் இருப்பதும் போய்விடும். "அவ இருந்தா இந்நேரம் மொட்டையடிச்சு முடிச்சிருப்பாண்ணே" என்றேன். அது உண்மை என்று அவருக்கும் தெரியும். படியில் போய் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

தையல் கத்தரியை வெந்நீரில் கழுவி வந்து வெட்டினேன். நீயே கேட்டிருந்தாலும் அதைத் தந்திருக்க மாட்டேன். இலைகளைக் கவரில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு இலையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நோய் இலையை வீட்டில் வைக்கக் கூடாது என்று நீ திட்டுவாய். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுபோய் வேரில் மட்டும் ஊற்றினார். வெறும் முள்ளும் குச்சியுமாக நின்ற செடியை என் மொட்டை மாடியிலிருந்து நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல தூக்கம் இல்லை.

இன்று காலை அவர் குரல். "தங்கச்சி, செத்த மேல வாங்க!"

கணுவுக்குக் கணு சிவந்த துளிர். கொஞ்சம் விரிந்த ஓர் இலையை நனைத்த விரலால் தடவினேன், திருப்பினேன். சுத்தம். எந்த வீட்டுக்குப் போனாலும் என் கட்டைவிரல் இப்போது தானாகவே இலையைத் தேடுகிறது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட புத்தி, இனி விடாது. புதுத் துளிருக்குக் காவலாக வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி லேசாக அடித்தேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "இம்புட்டு அழகாத் துளுத்திருக்கு. இத அவகிட்ட யாரும்மா சொல்றது?"

"நான் சொல்றேன்ணே" என்றேன். சொல்லிவிட்டேன்.