பட்டியலில் ஏழாவது வீடு

சின்னவளின் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தால் எப்போதும் மூன்று சாமான்கள் விழும். பாதி கடித்த அப்பிள், ஒற்றைக் கையுறை, நாலாக மடித்த கடிதம். நேற்று விழுந்தது குளிர்கால விடுமுறைக் கடிதம். எந்த நாளோடு மூடுகிறார்கள், எந்த நாள் திறக்கிறார்கள், கடைசி நாள் பிள்ளைகளின் பாட்டைக் கேட்க எத்தனை மணிக்கு வரவேண்டும், தொலைந்த உடுப்புப் பெட்டியில் கிடக்கும் தொப்பிகளை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கையில் உலகத்துக் கம்பியூட்டர்கள் எல்லாம் குழம்பினாலும் பள்ளிக்கூடம் சொன்ன நாளில் திறக்கும் என்று இந்த வருடம் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். நீர் இருந்திருந்தால் அந்த வரிக்கு ஒரு பகிடி விட்டிருப்பீர்.

கடிதத்தின் அடியில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு ரெலிபோனில் அறிவிக்க ஒருவர் வேண்டுமாம். முன்பு நீங்கள் மிக நன்றாகச் செய்தீர்கள் என்று கேள்விப்பட்டோம், இந்த வருடம் திரும்பவும் முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மிக நன்றாக என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி ஆறும்வரை மேசையில் இருந்தேன். முடியாது என்று எழுதிச் சின்னவளின் பைக்குள் திரும்ப வைத்தேன். அதன் பிறகுதான் உமக்கு எழுதத் தொடங்கினேன். நீர் போய் இரண்டு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உமக்கு எழுதியிருக்கவேண்டிய கடிதம் இது. வாசிக்க ஆள் இல்லை என்றானபின் எனக்குத் துணிவு வந்திருக்கிறது. அதற்குத் துணிவு என்று பெயர் வைக்கலாமோ தெரியாது.

அந்தப் பட்டியலுக்கு என்னை இழுத்துவிட்டதே நீர்தான். ஆறு வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலம், பெற்றோர் கூட்டம். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும் கடிதங்களைத் தமிழ்ப் பெற்றோர் வாசிப்பதில்லை என்று உப அதிபர் குறைப்பட்டார். வாசிக்க விருப்பமில்லாமல் இல்லை, எங்களில் பாதிப் பேருக்கு அந்த இங்கிலீசு விளங்கவில்லை. பிள்ளைகள் தங்களுக்கு வசதியானதை மட்டும் தமிழில் சொன்னார்கள். நீர் பின்வரிசையிலிருந்து என் முதுகில் தட்டி, "இவ கொழும்பில கந்தோரில வேலை செய்தவ. இங்கிலீசு தண்ணி மாதிரி" என்று உரக்கச் சொன்னீர். அதை நானே எழும்பி நின்று உப அதிபருக்கு மொழிபெயர்க்கவேண்டி வந்தது. அப்படியே வேலையும் என் தலையில் விழுந்தது.

தலையில் விழுந்தது என்று சும்மா சொல்கிறேன். உள்ளே எனக்கு எவ்வளவு சந்தோஷம். கனடாவுக்கு வந்து நாலு வருடம் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் பொத்தான் வைத்தவளை ஒருவர் தேடி ரெலிபோன் எடுக்கிறார். மட்டை போட்ட கொப்பி ஒன்று வாங்கினேன். பதினொரு வீடு, பதினொரு நம்பர், சொல்லி முடித்ததும் சரி போடச் சிவப்புப் பேனை. உம்முடைய பெயர் ஏழாவது. "கவனமாக் கேளுங்கோ, எழுதிக்கொள்ளுங்கோ, இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று ஒவ்வொரு தாயையும் சின்ன வகுப்புப் பிள்ளையைப்போல நடத்தினேன். மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். நீர் மட்டும், "ஓம் பிரின்சிப்பல்" என்பீர். நானும் சிரிப்பேன். உம்மோடு மட்டும்தான் அப்படிச் சிரித்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு பிறந்தநாள் விழா. நான் போகவில்லை. நீர் அங்கே பத்துப் பெண்கள் நடுவில் நின்று என்னைப்போல் நடித்துக் காட்டினீர் என்று மறுநாள் ஒருத்தி வந்து சொன்னாள். ரெலிபோனைப் பிடிப்பது, கண்ணாடியை மூக்கில் இறக்குவது, கவனமாக் கேளுங்கோ, எல்லாம். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அத்தோடு உம்மோடு நான் கதைப்பதை நிறுத்தினேன். நீர் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தீர், குளிக்கிறேன் என்று மூத்தவளைச் சொல்லவைத்தேன். தமிழ்க் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தீர், நான் மீன் ரின்னில் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். பள்ளிக்கூடச் செய்தி ஏதும் வந்தால் ஏழாவது வீட்டுக்கு மட்டும் மூத்தவள் எடுப்பாள்.

விடுமுறைக்கு முந்திய கடைசி வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடக் கந்தோரிலிருந்து எடுத்தார்கள். ஹீற்றிங் பழுதாகிவிட்டது, பிள்ளைகளைப் பன்னிரண்டு மணிக்கு விடப்போகிறோம், எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டு எங்களுக்கு அறிவியுங்கள், வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளை இங்கேயே ஆசிரியர்கள் அறையில் வைத்திருப்போம் என்றார்கள். ஆறு வீட்டுக்கும் எடுத்துச் சொன்னேன். ஏழாவதில் வந்து நின்றேன். மூத்தவளும் பள்ளிக்கூடத்தில். நானே கதைக்கவேண்டும். மூன்று இலக்கம் அழுத்தினேன். நீர் "ஹலோ" சொன்னால் நான் என்ன குரலில் தொடங்குவது என்று யோசித்தேன். ஓம் பிரின்சிப்பல் என்று சொல்லிவிடுவீரோ என்றும் யோசித்தேன். வைத்துவிட்டேன். எட்டாவது வீட்டுக்கு எடுத்தேன், பிறகு ஒன்பது, பத்து, பதினொன்று.

நீர் பதினொன்றரைக்கு சாண்ட்விச் செய்யும் இடத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு மணி தாண்டித்தான் வருவீர் என்று எனக்குத் தெரியும். பதினொன்றேகாலுக்குக் கந்தோர்க்காரி திரும்ப எடுத்து, எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். ஓம், எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்றேன். ஏழாவது பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் சரியும் போட்டேன். மறந்துபோனேன் என்று ஆறு வருடமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறந்தவள் சரி போடமாட்டாள். யாரிடமாவது கேள்விப்பட்டு ஓடட்டும், என்னுடைய வேலை எவ்வளவு பெரியது என்று அப்போது தெரியும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு நடந்ததை நீர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுவீர். ஸ்காபரோவில் அப்போது உங்களுக்கு பேஸ்மென்ற் வீடு. பக்கத்துக் கதவு, ஒரே ஒரு திறப்பு, அதுவும் உம்முடைய கைப்பைக்குள். மேல் வீட்டுக்காரர் இருவரும் வேலையில். வீட்டில் ஆள் உண்டு என்று நம்பிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்ட உம்முடைய மகள், ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, மைனஸ் பதினெட்டில் அந்தக் கதவடியில் இரண்டு மணித்தியாலம் நின்றது. பனியில் விளையாடி நனைந்த கையுறை. நீர் பஸ்ஸால் இறங்கி வந்து பார்த்தபோது இடது கையில் மூன்று விரல்கள் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன என்பீர். விரல்கள் தப்பின. கொப்பளம் வந்து தோல் உரிந்து, வசந்தம் வரும்வரை அந்தக் கையால் சட்டைப் பொத்தான் பூட்ட அவளால் முடியவில்லை.

எங்கள் கட்டடம் ஐந்து நிமிட நடை. ஏன் அங்கே போகவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டீராம். "அன்ரி எங்களோட கதைக்கிறேல்லைத்தானே" என்றாளாம். இதை நீர்தான் எனக்குச் சொன்னீர். கோபத்தில் சொல்லவில்லை, பிள்ளைகளின் நியாயத்தைப் பாருங்கள் என்று சொன்னீர். நான் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

நீர் வந்தது மூன்றாம் நாள். கதவைத் திறந்ததும் சண்டைக்கு வந்திருக்கிறீர் என்று நினைத்து, பதிலுக்குச் சொல்லவும் ஏதோ ஆயத்தமாக வைத்திருந்தேன். நீர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அழுதீர். தமிழ் அம்மா எல்லாருக்கும் எடுத்துச் சொன்னாவாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். கொழும்பில் லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த உம்முடைய தங்கச்சியோடு அன்று ஒன்பதரையிலிருந்து பதினொரு மணிவரை நீர் கதைத்துக்கொண்டிருந்தீர். இரண்டையும் சேர்த்துப் பார்த்து நீரே ஒரு முடிவுக்கு வந்திருந்தீர்.

"நீங்கள் எடுத்திருப்பியள் அக்கா. நான்தான் லைனைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன். என்ர பிள்ளை குளிருக்க நிக்க, நான் வேலைக்குப் போற நேரம் வரைக்கும் ஊர்க்கதை கதைச்சனான்."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். உண்மை சொல்லத்தான் திறந்தேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன். "ஓம். ரண்டு தரம் எடுத்துப் பார்த்தனான்" என்று வந்தது.

நீர் என் கையைப் பிடித்துக்கொண்டீர். பிறந்தநாள் வீட்டில் நடித்துக் காட்டியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டீர். நான் உம்மை மன்னித்தேன். தேத்தண்ணியும் போட்டுத் தந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது, பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

அன்று தொடங்கி நாங்கள் முன்பைவிட நெருக்கமாகிவிட்டோம். எனக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்தபோது இரண்டு கிழமை சோறு கறி கொண்டுவந்தீர். மூத்தவள் பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்திய வீட்டில் என்னைவிட அதிகம் ஓடித் திரிந்தது நீர். உம்முடைய நன்மை ஒவ்வொன்றும் எனக்கு உறைக்கும். உறைத்தாலும் வாங்கிக்கொண்டேன்.

நான் பார்க்காமல் விட்டது வேறொன்று. அந்த விபத்துக்குப் பிறகு நீர் ரெலிபோனுக்குப் பக்கத்தில் முட்டை அவிக்கிற மணிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தீர். தங்கச்சிக்கு எடுத்தால் பத்து நிமிடம். மணி அடித்ததும், "வைக்கிறன், பள்ளிக்கூடத்தால எடுப்பினம்" என்று வைத்துவிடுவீர். சனிக்கிழமையிலும் அதே பத்து நிமிடம். ஒருநாள் உம்முடைய சமையலறையில் நான் இருக்கையிலேயே மணி அடித்தது. தங்கச்சி ஏதோ அழுது சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று உம்முடைய முகத்தில் தெரிந்தது. நீர் வைத்தீர். இன்னும் கொஞ்சம் கதையும் என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடிந்திருக்கும். ஐந்து மாதத்தில் அவளுக்கு விசா மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போனாள். அங்கே ரெலிபோன் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் ஒருவர் குரலை மற்றவர் கேட்கவேயில்லை.

கடைசியில் நீர் நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடவேண்டும் என்று மூன்று பஸ் மாறி வந்தேன். "என்ன அக்கா, முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறியள்" என்றீர். வெளியில் காற்று என்றேன். மெலிந்துபோன மனிசியை ஏன் வருத்தவேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நீர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, விட்பியில், நீர் ஆசையாக வாங்கிய புது வீட்டில், ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ரெலிபோன் அடித்தது. பக்கத்தில் நின்றது நான். வவுனியாவிலிருந்து உம்முடைய தங்கச்சி. செய்தி பிந்தித்தான் கிடைத்ததாம், ஊரிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வந்து எடுக்கிறாளாம். நான் யார் என்று சொன்னேன். அழுது முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்டு கேக்கட்டே. அக்காவுக்கு என்னில என்ன கோவம்? நான் கொழும்பில நிக்கேக்க கொஞ்சம் கதைச்ச உடன வச்சிடுவா. கனடாவுக்குப் போனாப்பிறகு நாங்கள் பாரமாப் போனமோ எண்டு நினைச்சு, நானும் கடிதம் போடுறதைக் குறைச்சிட்டன்."

சுவரைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழுத்திய மூன்று இலக்கம், போட்ட சரி, ரண்டு தரம் எடுத்தனான் என்ற பொய், அந்த மணிக்கூடு. உமக்குச் சொல்லாததை முகம் தெரியாத ஒருத்திக்குச் சொன்னேன்.

"அப்ப அக்காவுக்கு என்னில கோவம் இல்லை" என்றாள்.

"இல்லை" என்றேன். என்னை அவள் ஏசவில்லை. நான் ஒருத்தி இந்தப் பக்கம் நிற்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

திரும்பினால் உம்முடைய மகள் தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறாள். எவ்வளவு கேட்டாள் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு ரெலிபோனை என் கையிலிருந்து வாங்கி, சித்தியிடம் நம்பரைக் கேட்டுத் தானே திரும்ப எடுத்தாள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தாள். நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன். பிறகு அவள் வந்தாள். வளர்ந்த பிள்ளை, யூனிவர்சிற்றிக்குப் போக ஆயத்தமாகிற பிள்ளை. கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை.

"அன்ரி, எவ்ரி வின்ரர் அம்மா எனக்கு ஐ ஆம் சொறி எண்டு சொன்னவ. ஃபெர்ஸ்ற் ஸ்னோ விழுற நாள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுவா. நான் இட்ஸ் ஓகே அம்மா எண்டு சொல்லுவன்."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

நீர் இதை எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. கூட்டத்தில் கதையாகச் சொல்லிச் சிரிக்கிற நீர், வீட்டுக்குள் வருடா வருடம் பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறீர். நான் கேட்கவேண்டிய மன்னிப்பு. உம்மிடம் சொல்ல இனி வழியில்லை. வெட்கம் என்றால் முகம் சிவக்கும், பிறகு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். இது ஆறவில்லை.

போன மாதம் முதல் ஸ்னோ விழுந்தது. காலையில் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, உடுப்பு மாற்றுமுன் உம்முடைய மகளுக்கு எடுத்தேன். எழுதி வைத்து வாசிக்கவில்லை. "உம்மட விரலுக்கு நடந்ததுக்கு நான்தான் காரணம் பிள்ளை, அம்மா இல்லை, என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். உமக்குச் சொன்ன இட்ஸ் ஓகேயை அவள் எனக்குச் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓம் அன்ரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அடுத்த வருடமும் முதல் ஸ்னோ விழும், அன்றைக்கும் எடுப்பேன். நீர் ஐந்து வருடம் பார்த்த வேலை இனி என்னுடையது.