இரண்டு பக்கமும் ஒட்டுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? ஏரி உறைந்துவிட்டதா? இங்கே லூசியானாவில் இன்னும் வெயில்தான்.

நேற்று வேலை செய்யும் இறால் கூடத்தில் லேசாகத் தலை சுற்றியது, பயப்படாதீர்கள். ஐஸ் பெட்டிமேல் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் நம் மோட்டார் பனிவண்டியில் ஏரியைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். வீட்டு விளக்கு தெரிந்ததும் ஏரிக் காவலர் ஹெய்க்கி மாமா மறித்தார். "வண்டிப் பதிவு முடிஞ்சு போச்சேம்மா, புது ஸ்டிக்கர் எங்க? வந்த வழியே திரும்பு." கெஞ்சியும் விடவில்லை.

விழித்தால், என்னோடு வேலை செய்யும் டெல்ஃபீன் சிரிக்கிறாள். "ஐஸ் பெட்டியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எங்கடி ஓட்டுன?"

ஓட்ட ஆளில்லாத வண்டிக்குப் பதிவு எதற்கு என்பீர்கள். இருந்தாலும் இந்த வருடமும் புதுப்பித்து, ஸ்டிக்கரை வண்டியின் இரண்டு பக்கமும் ஒட்டிவிடுங்கள். இந்த வெயிலுக்குக் கம்பளிக் காலுறை அனுப்ப வேண்டாம்.

இறால் லாரி வந்துவிட்டது. சீக்கிரம் ஒட்டுங்கள் அப்பா, அந்த விளக்கு வரைக்கும் வந்துவிட்டேன்.

உங்கள் ஐலி