முதல் வருஷப் பையன்களிடம் சதீஷ் சொன்னது

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். கல்லூரியில் பேச முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

குடியைப் பற்றி முதல் வருஷப் பையன்களிடம் மூத்த மாணவர்களையே பேசவைக்கும் திட்டம். என் தலையில். முதல்வர் சிபாரிசு செய்தது மார்க் வாங்குகிற பிள்ளைகளை. அவர்கள் பேசினால் கீழே எல்லோரும் போனைத் தடவுவார்கள். நான் போட்டது சதீஷை. மூன்றாம் வருஷம், மெக்கானிக்கல், ஊர் நெமிலிச்சேரி. ஒரு வருஷம் நன்றாகக் குடித்து, விட்டவன். தெரிந்துதான் போட்டேன்.

இன்று பேசினான்.

"நானும் குட்ச்சிகினு இருந்தவன்தான் மச்சான், இப்ப உட்டுட்டேன். வேணான்னா கலாய்ப்பானுங்க. வண்டி ஓட்டணும்னு சொல்லு, உட்ருவானுங்க. எவனாவது மட்டையாயிட்டா மல்லாக்கப் போடாத, ஒருக்களிச்சுப் போடு. எழுப்பியும் எந்திரிக்கலன்னா 108க்கு அடி. வார்டனுக்குப் பயந்துகினு ஓடிடாத."

பின் பெஞ்சிலிருந்து: "அண்ணாத்தே, சைடிஷ் இன்னா?"

"பக்கத்துல படுத்தவன் வாந்திடா."

சிரிப்பு. அப்புறம் ஒருவன் தனியாக வந்து அவனிடம் ஏதோ கேட்டான். நான் நகர்ந்துகொண்டேன்.

விளம்பரப் பிரிவு ஆள் ஜன்னலோரம் நின்று வீடியோ எடுத்தான். இங்கே மரம் நட்டாலும் படம்.

நவ. 11, செவ்வாய்

மழை இல்லை. கொரட்டூர் வரை ரயிலில் நின்றபடி.

வீடியோ பெற்றோர் வாட்ஸப் குழுவில். கல்லூரிச் சின்னத்தோடு. முழுக்கக் கேட்காமலே போட்டிருக்கிறார்கள். பதில்கள்: "குடிகாரப் பையன் பாடம் எடுக்கிறானா?" "எங்க பொண்ணும் அங்கதான் படிக்குது."

சதீஷின் அம்மாவும் அந்தக் குழுவில். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மகன் குடித்தது அவருக்கு இன்றுதான் தெரியும்.

மாலை வராண்டாவில் வந்து நின்றான். "சார், எங்கம்மா எங்கிட்ட பேச மாட்டேங்குது. ஊட்டுக்குப் போவ பயமா கீது. உட்டுட்டேன்னு சொன்னத யாருமே கேக்கலயா சார்?"

எதிரே முதல்வர் வந்தார். அவருக்கு வணக்கம் வைத்து, அவரோடு நடந்துவிட்டேன்.

நவ. 13, வியாழன்

முதல்வர் அறை. ஏசி குளிர். முதல்வர் என்னைவிட இளையவன். அவன் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் நான் திருத்திக் கொடுத்தது. இன்று நான்தான் அவனை சார் என்கிறேன்.

"நம்ம காலேஜ்ல குடிக்கிற பையனே கிடையாது சார். ஒருத்தன் உங்களை ஏமாத்திட்டான். அப்படித்தானே?"

"எனக்குத் தெரிஞ்சுதான்..."

"தெரியாதுன்னு எழுதிக் கொடுங்க. திங்கக்கிழமை அவனுக்கு டிசி. உங்களுக்கு ஒண்ணும் வராது."

கொடுக்காவிட்டால் என்று கேட்கவில்லை. பத்தாவது மார்க் ஷீட் முதல் பிஎச்.டி. வரை என் அசல் சான்றிதழ் அத்தனையும் அவன் அலமாரியில். சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள், இங்கே வாத்தியார்களுக்கு அதுதான் வழக்கம். வேலையை விட்டுத் திருப்பிக் கேட்டவர்கள் மாதக்கணக்கில் நடக்கிறார்கள். அது இல்லாமல் இன்னொரு கல்லூரி வாசலை மிதிக்க முடியாது.

மனைவி: "எழுதிக் கொடுத்துட்டு வாங்களேன். எவன் குடிச்சா உங்களுக்கென்ன?"

வாங்க: பால், கொசுவத்தி, பி.பி. மாத்திரை.

நவ. 15, சனி

நல்ல மழை. தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் தாமதம்.

வார்டன் ரகசியமாகச் சொன்னார். நேற்று விடுதியில் பிறந்தநாள் கொண்டாட்டம், முதல் வருஷப் பையன் ஒருவன் மட்டை. அறையில் இருந்தவர்கள் ஒருக்களித்துப் போட்டு, 108ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிழைத்துவிட்டான். யாரடா சொல்லிக் கொடுத்தது என்றதற்கு, "சதீஷண்ணன்."

முதல்வர் உத்தரவு: இதுவும் வெளியே போகக் கூடாது. திங்கட்கிழமை டிசி திங்கட்கிழமைதான்.

முதல்வர் கேட்டதை எழுதவில்லை, பல்கலைக்கழகக் குறைதீர் பிரிவுக்கு எழுதிவிட்டேன். ஒரு பக்கம். விடுதியில் நடந்தது, டிசி, எல்லாம். 'பொறுப்பாசிரியர் தெரிந்தேதான் அவரைத் தேர்ந்தெடுத்தார்' என்று என்னையே யாரோ போல எழுதியிருக்கிறேன். யாரை ஏமாற்ற? அந்த வரியைப் படித்ததுமே முதல்வருக்குத் தெரிந்துவிடும்.

இருந்தும் கீழே பெயர் போட கை வரவில்லை. சதீஷ் முகத்தைக் காட்டித்தான் பேசினான்.

உறையை ஒட்டியாகிவிட்டது. பெயர் இல்லை. மழை விட்டதும் ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.