சித்ரா காட்டிய ஊர்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் கறி எடுத்து வந்து குழம்பு வைத்தேன். உப்பு தூக்கல். மகள் தேஜஸ்ரீ முகத்தைச் சுளித்தாள். சின்னவன் குணாவுக்கு உப்பு தெரியவில்லை. அவன் கண் போனில் இருந்தது.

சித்ரா இன்று வீடியோ காலில் பெரிய புத்தரைக் காட்டினாள். வெண்கலத்தில் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மேலே கூரை இல்லை. முன்னொரு காலத்தில் கட்டடம் இருந்ததாம், கடல் பொங்கி வந்து அடித்துக்கொண்டு போனதாம். அதற்கப்புறம் வெயிலிலும் மழையிலும் அப்படியே இருக்கிறார். "மழை வந்தா நனைவாரா?" என்றான் குணா. "நனைவாரு சாமி. அவருக்குச் சளி புடிக்காது" என்றாள். பிறகு பக்கவாட்டில் இருந்த சின்ன வாசல் வழியாகச் சிலைக்குள்ளேயே போய்விட்டாள். புத்தர் வயிற்றுக்குள்ளிருந்து அம்மா பேசியதை குணா தெரு முழுக்கச் சொல்லிவிட்டான்.

ஊர் பெயர் கமகுரா, ஜப்பானில். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் வாள் பிடித்தவர்களின் தலைநகரம், இப்போது சின்ன ஊர். தேஜஸ்ரீ இதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். ஆறாம் வகுப்புப் பாடம் அவளுக்கு இப்படி நிற்பதில்லை.

சித்ரா அங்கே முதியோர் இல்ல வேலைக்குப் போய்த் தை வந்தால் மூன்று வருடம். ஒரு முறையும் வரவில்லை. லீவு கிடைப்பதில்லை என்கிறாள். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், துணி வெட்டுகிறேன், வந்து சோறாக்குகிறேன். போய்க்கொண்டிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

சோமனூரிலிருந்து கண்ணம்மாள் அக்கா வந்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தறியை மாமாவிடம் விட்டுவிட்டு வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவாள். இன்றைய போனில் கடலோரமாகப் போகும் குட்டி ரயில். வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டு சந்துக்குள் நுழைந்து, திடீரென்று கடல் பக்கம் வந்து நிற்கிறது. குணா கைதட்டினான். அக்கா கடைசி வரை திரையையே பார்த்தாள். போனை வைத்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எல்லாஞ் செரி முருகேசு. இத்தன நாள்ல ஒருக்காவாச்சும் அவ இருக்கற ஊட்டக் காட்டியிருக்காளா? எப்பப் பாரு கோயிலு, கடலு, ட்ரெயினு. இருக்கற எடத்த எதுக்கு மறைக்கோணும்?"

சிரித்து மழுப்பினேன். அக்கா பஸ் ஏறிப் போய்விட்டாள். கேள்வி போகவில்லை.

நவம்பர் 17, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் பழைய வீடியோக்களைப் பார்த்தேன். ஒன்றிலும் அறை இல்லை. கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, துணி காயும் கொடிகூட இல்லை.

நவம்பர் 19, புதன்

எங்கள் கம்பெனி மெர்ச்சண்டைசர் திருமூர்த்தி அடுத்த வாரம் ஜப்பான் போகிறார், ஆர்டர் கொடுக்கிற பையரைப் பார்க்க. முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்துவிடுகிறேன், வாங்கிக்கொள் என்று சித்ராவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எதுக்குங்க அவருக்குச் சிரமம்? வேண்டாமுங்க" என்றாள். இரண்டு முறை வேண்டாம் என்றாள்.

பருப்புப் பொடி இல்லாமல் ஒரு வேளை சாப்பிடாதவள்.

திருமூர்த்தியிடம் அவள் நம்பரைக் கொடுத்துவிட்டேன். நேரிலேயே கொடுக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று கடற்கரை. அந்த ஊர்ப் பருந்துகள் கெட்டிக்காரத் திருடர்களாம். யாராவது மணலில் உட்கார்ந்து ரொட்டி தின்றால் முதுகுப் பக்கமாக வந்து பறித்துக்கொண்டு போய்விடுமாம். அதற்கென்றே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். குணா சாயங்காலம் முழுக்கப் பருந்தாகித் தேஜஸ்ரீயின் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டிருந்தான்.

நான் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன், கடல் அவள் ரூமுக்கு எவ்வளவு தூரம் என்று. "பக்கந்தானுங்க" என்றாள். அப்புறம் உடனே, "குணா, அங்க பாரு, அலைமேல பலகைல நின்னுட்டு வர்றாங்க!" கேமராவைத் திருப்பிவிட்டாள்.

அவள் தோளில் பெரிய பை. பக்கத்தில் இருக்கிற கடலுக்கு வர எதற்கு அவ்வளவு பெரிய பை?

டிசம்பர் 3, புதன்

திருமூர்த்தி வந்துவிட்டார். டீக்கடையில் எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர்.

"உங்க ஊட்டம்மாவப் பாத்துக் குடுத்துட்டேனுங்க மாஸ்டர். ரொம்ப தூரமுங்க. ட்ரெயின் மாறி மாறிப் போனேன். ஸ்டேஷன் வாசல்லயே வாங்கிட்டு ஓடிட்டாங்க, டூட்டி போல."

கமகுரா எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கமகுராவா? இல்லீங்களே. அவங்க வரச் சொன்னது சைதமா. அந்த மாவட்டத்துக்குக் கடலே கெடையாதுங்க."

பக்கத்தில் வேலுமணி நின்றான், என்னோடு துணி விரிக்கிறவன். தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மதியம் ஒரு கட்டு துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன். பதினெட்டு வருடத்தில் நடக்காதது.

டிசம்பர் 4, வியாழன்

மேப்பில் பார்த்தேன். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம். அப்படியானால் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே எதற்குப் போகிறாள்? யாரைப் பார்க்கப் போகிறாள்? போன இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு போன், அவ்வளவுதானா? புத்தர், பருந்து, ரயில் — எல்லாம் எங்களுக்கு. மிச்ச நாள் யாருக்கு?

இல்லை, வேறு ஏதாவது இருக்கும்.

என்ன இருக்கும்? சொல்லு பார்க்கலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். படிக்கட்டு ஏறிப் போகிற பெரிய கோயில். பக்கத்தில் பல நூறு வருடத்து மரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டதாம், அதன் அடியிலிருந்து புதுத் துளிர் வந்திருப்பதைக் காட்டினாள். தேஜஸ்ரீ ஆயிரம் கேள்வி கேட்டாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், திருமூர்த்தியை எங்கே பார்த்தாய் என்று.

"இங்கதானுங்க, ஸ்டேஷன்கிட்ட" என்றாள்.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

நெட் வேலை செய்யவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ரூட்டர் பிளக்கைப் பிடுங்கியது நான். என் போனையும் அணைத்து வைத்தேன். குணாவை மட்டும் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். தேஜஸ்ரீ வரவில்லை. ரூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அக்கா போனில் சொல்கிறாள்: "லீவுக்கு வர்றவ புள்ளைகளக் கூட்டிட்டுப் போயிட்டான்னா என்ன பண்ணுவே? அதுக்குத்தான் ஊரக் காட்டிக் காட்டி ஆசையேத்தறா." எனக்குத் தெரிந்ததை இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே நாலு பேரைக் கூட்டிவிடுவாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்றும் பிடுங்கினேன். குணா கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் என்னவோ போல் இருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

தேஜஸ்ரீக்கு இன்று அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் சாப்பாடு போட்டேன். தொடவில்லை. எதற்காக அம்மாவைப் பேச விடுவதில்லை என்று கேட்டாள். நான் கத்திவிட்டேன். வேற என்ன செய்யட்டும்? உங்கம்மா பொய் சொல்றா, அந்த ஊருலயே அவ இல்ல, எங்க இருக்கா யாரோட இருக்கான்னு எவனுக்குத் தெரியும் — ஒரு குழந்தையிடம் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன்.

அவள் அழவில்லை. எழுந்து போய், வெளியே குணா விளையாடுகிறானா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள்.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிறு, குணா காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தானாம், நான் ஓவர்டைம் போயிருந்தேனாம். அங்கே பெருமழை. ரயில் நின்றுவிட்டது, இன்றைக்குக் கமகுராவுக்கு வர முடியவில்லை என்று அம்மா சொன்னாளாம். "அங்கயே இருந்தா எதுக்குப்பா வரோணும்? அன்னைக்கே தெரிஞ்சுது."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க இப்படித்தான் பண்ணுவீங்கன்னு." தட்டை நகர்த்திவிட்டு, "குணாகிட்டச் சொல்லிராதீங்கப்பா. அவன் அம்மா முகத்தவிட அந்த ஊரத்தான் நல்லா ஞாபகம் வெச்சிருக்கான்" என்றாள்.

அவள் சாப்பிடாமலே எழுந்து போனாள். நான் தட்டை எடுத்து வைத்தேன். அரை வருடம் இதை ஒரு பெண் குழந்தை தனியாகச் சுமந்திருக்கிறது. நான் மூன்று வாரத்தில் கத்தித் தீர்த்துவிட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

கம்பெனி லீவு. பிள்ளைகளைச் சினிமாவுக்கு வேலுமணி வீட்டாரோடு அனுப்பிவிட்டு நானே கூப்பிட்டேன். எடுத்தாள். கமகுரா இல்லை. இருட்டாக ஏதோ.

எங்கே இருக்கிறாய் என்றேன். சைதமா என்று நான் சொன்னதும் போனைக் கீழே இறக்கிவிட்டாள். கூரை மட்டும் தெரிந்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மெதுவாக போனைத் திருப்பி அறையைச் சுற்றிக் காட்டினாள். இரண்டு அடுக்குக் கட்டில்கள். மேல் கட்டிலில் ஒரு நேபாளப் பெண் முகத்தை மூடித் தூங்குகிறாள், இரவு வேலை முடித்து வந்தவள். ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். வாசலில் செருப்புகள். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்தச் செருப்புகளில் ஆண் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

பக்கத்துப் பெண் எழுந்துவிடக் கூடாதென்று சித்ரா குசுகுசுவென்றே பேசினாள். போன புதிதில் இல்லத்திலிருந்து எல்லோரையும் பஸ்ஸில் கமகுராவுக்குக் கூட்டிப் போனார்களாம். கடலைப் பார்த்ததும் குணா நினைவு வந்து, அங்கிருந்துதான் முதன்முதலில் போன் செய்தாளாம். அம்மா ஊர் ரொம்ப நல்லாருக்கு என்று குணா சொன்னானாம். இல்லை கண்ணு, இது என் ஊர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம். ஞாயிறு பகல் கிடைக்கும் என்று சனிக்கிழமை இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, விடிந்ததும் மாற்றுத் துணியைப் பையில் போட்டு ரயில் ஏறிவிடுவாளாம்.

"நான் இருக்கற எடத்துல காட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க. புள்ளைகள விட்டுப்போட்டு வந்ததுக்கு ஒரு ஊராச்சும் இருக்கோணுமில்லீங்களா?"

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா வந்துருன்னு சொல்லுவீங்க. நானும் வந்துருவேன்" என்றாள்.

நம்பினேனா? அப்போது பாதிதான் நம்பினேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூன்று வருடமாக நான் பின்னால் தெரிகிற ஊரையே பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

ரூட்டரைத் தேஜஸ்ரீயே போட்டாள். ஒரு கோயிலில் வரிசை வரிசையாகக் கல் பொம்மைகள், சிலதுக்குச் சிவப்பு நூலில் பின்னிய தொப்பி. "அதுக்குக் குளுருதா?" என்றான் குணா. சித்ரா ஆமாம் என்றாள். நான் முதல் முறையாக, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டாச்சுங்க என்றாள். பொய்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சித்ரா கூப்பிடவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன், போய்த் தூங்கு என்று. குணாவிடம் அம்மா ஊரில் பனி என்று சொன்னேன். தேஜஸ்ரீ என்னைப் பார்த்தாள். இந்த முறை பார்வை வேறு மாதிரி இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

மே மாதம் மூன்று வாரம் லீவு கொடுத்துவிட்டார்கள். டிக்கெட் போட்டுவிட்டாள். அக்காவுக்குச் சொன்னேன். "வரட்டும், நேர்லயே கேக்கறேன்" என்றாள்.

மே 10, ஞாயிறு

சித்ரா வந்து மூன்று நாள். முதல் இரண்டு நாளும் தூங்கினாள். குணா கட்டிலை விட்டு நகராமல் அவள் காதையும் மூக்கையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இன்று அக்கா வந்தாள். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். குணா அத்தையிடம் பருந்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா முழுக்கக் கேட்டாள். பிறகு இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஏன் சித்ரா, அந்தக் கடலு மெய்யாலுமே உன்ற ஊட்டுப் பக்கத்துலதான் இருக்குதா?" என்றாள்.

சித்ராவின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. தேஜஸ்ரீ என்னைப் பார்த்தாள். குணா பெருமையாக அம்மாவைப் பார்த்தான், அவள் சொல்லட்டும் என்று.

"சன்னலத் தொறந்தா கடல்தானுங்கக்கா" என்றேன். "நானே பாத்தேன்."

அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ரசத்துக்குக் கையை நீட்டினாள். சித்ரா ஊற்றினாள்.