செசிலியின் முகத்தைச் சொல்லாதே

மார்ச் 6, 1988 – ஞாயிறு
பூசை முடிந்து சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கினோம். பூக்கார அம்மா செசிலியின் கன்னத்தைக் கிள்ளி, "மூக்கப் பாரேன், அச்சு அசலா…" என்று தொடங்கியதும் பெர்னார்ட் கையை உயர்த்தி, "சொல்லாதீங்க!" என்றார். பாவம், அந்த அம்மா பயந்துவிட்டார். கட்டட வேலையில் இவர் கண் இரண்டிலும் சுண்ணாம்பு தெறித்தபோது செசிலி என் வயிற்றில். இப்போது மூன்று வயது. மகள் முகம் எப்படி என்று யாரும் சொல்லக் கூடாது, ஆபரேஷனுக்குப் பிறகு தானே பார்த்துக்கொள்வாராம். என் புருஷனின் பிடிவாதம் ஊருக்கே தெரியும்.

மார்ச் 9
ஆஸ்பத்திரி. டாக்டர் துண்டுக் காகிதம் ஒன்றை வலது கருவிழியில் வைத்து அழுத்தி எடுத்தார். அதில் ஒட்டும் செல்களுக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பார்களாம். கருவிழியின் ஓரத்தில் அதன் தோலைப் புதுப்பிக்கும் செல்கள் இருக்கின்றன. அவை செத்துப்போனால் வெள்ளை விழியின் தோல் கருவிழிமேல் ஏறிவிடும். அப்புறம் தானமாக வந்த கருவிழியைத் தைத்தாலும் நிலைக்காது.

மார்ச் 14
நர்ஸ் போன் செய்தாள். வெள்ளை விழி செல் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் புதன்கிழமை திரும்ப வரவேண்டும் என்றாள். பின்பாதி எங்கள் காதில் ஏறவேயில்லை. பெர்னார்டின் அக்கா மதலேனா முழங்காலில் விழுந்து அழுதார். பெர்னார்ட் செசிலியைத் தூக்கிச் சுற்றி, "கொஞ்ச நாள்தான் லா, அப்பா உன்னப் பாத்துடுவேன்!" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும்.

மார்ச் 16
காகிதத்தில் எந்தச் செல்லுமே ஒட்டவில்லையாம், நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கண்ணில் ஏதாவது போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். மதலேனா அண்ணி தலைகுனிந்தார். வேளாங்கண்ணியிலிருந்து வந்த மாதா எண்ணெய். முதல் சோதனை அன்று காலை தடவினாராம், தம்பியும் கண்ணைக் காட்டினாராம். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல! பஸ்ஸில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன்.
"தம்பி கண்ணும்மா, பிலோமினா," என்றார் அண்ணி.
மறுபடி காகிதம் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 24
டாக்டர் படத்தைக் காட்டினார். வெள்ளை விழியில் இருக்கவேண்டிய உருண்டைச் செல்கள் கருவிழி முழுக்க. இடது கண் இதைவிட மோசமாம். தைத்துப் பயனில்லை. இப்போதைக்கு வேறு வழியும் இல்லை.
பெர்னார்ட், "தேங்க் யூ, டாக்டர்," என்றார். எதுக்குத் தேங்க் யூ? எதுக்கு?

ஏப்ரல் 3
ஈஸ்டர். அவர் பூசைக்கு வரவில்லை.

ஜூன் 12
மத்தியானம் செசிலி அவர் மடியில் தூங்கிவிட்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
"பிலோமி."
"என்னங்க?"
"பாப்பா எப்படி இருப்பா? சொல்லு."
கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டேன். இந்தக் கேள்வியை அவர் கேட்கவே கூடாது என்றுதானே மூன்று வருஷமாக வேண்டினேன்? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெற்றி ஏறு நெற்றி, புருவம் உங்கள் அக்காவுடையது, மூக்கு உங்களுடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.
"அதுவும் என்னோடதா?"
"ஆமாங்க. முன்ன இருந்துச்சே, அதே கண்ணு."
தலையாட்டினார். பிறகு காது, முடி, முன்பல்லில் இருக்கும் இடைவெளி எல்லாம் சொன்னேன்.