தெரிந்தே செய்தேன்

வாஷிங்டன்,
பிப்ரவரி 9

பிரியமுள்ள வெர்லீன் அக்காவுக்கு லயனல் எழுதுவது.

நீ நலமாக இருக்கிறாயா? உங்கள் பிளாக்கில் மூன்று வாரமாக ஹீட்டர் ஓடவில்லை என்று ஓடிஸ் அத்தான் போனில் சொன்னார். உடனே கம்பளிச் சாக்ஸ் வாங்கி அனுப்பினேன். வெளியிலிருந்து துணி அனுமதி இல்லை என்று சிறையில் முத்திரை குத்தித் திருப்பிவிட்டார்கள்.

செய்தி உனக்கும் வந்திருக்கும். உனக்கு ஐந்து வருடம் போட்டானே ஹால்கம், அவனை மத்திய நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்திருக்கிறார்கள். செனட் சம்மதித்துவிட்டால் சாகும்வரை நாற்காலி அவனுடையது. நம் கறுப்பு ஜனங்களின் ஓட்டு வழக்கு எதுவானாலும் இனி அவன் மேஜைக்குத்தான் போகும். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா.

ஒரே ஒரு வழி இருக்கிறது. நம் மாநிலத்து செனட்டர்கள் இருவரும் நீலச் சீட்டில் சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் இப்படிப்பட்ட நியமனம் நகரும் என்பது இங்கே பழக்கம். ஒருவர் கொடுத்துவிட்டார். இன்னொருவர், அந்த அம்மாள், தயங்குகிறார். நான் வேலை பார்க்கும் ஓட்டுரிமைச் சங்கத்தின் சார்பில் அவருடைய உதவியாளரிடம் உன் வழக்கைச் சொன்னேன். பழைய வழக்கில் ஓட்டில்லாத நன்னடத்தைக் காலம் முடிய ஏழு வாரமே இருந்தபோது, தெரியாமல் ஓட்டுப் போட்டதற்கு ஐந்து வருடமா என்று அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உன் கையெழுத்தில் ஒரே ஒரு பக்கம் வேண்டும். எனக்கு ஓட்டு இல்லை என்று எனக்குத் தெரியாது, இந்த வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

உன் தம்பி,
லயனல்

----

பெண்கள் சிறை,
பிப்ரவரி 20

அன்புத் தம்பி லயனல்,

சாக்ஸுக்கு நன்றி. வந்து சேராத சாக்ஸ் என்றாலும், என் தம்பி கடைக்குப் போயிருக்கிறான் என்று நினைத்ததில் கொஞ்சம் சூடு ஏறியது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எல்லோரும் மூட்டை மாதிரி திரிகிறோம்.

நீ கேட்ட பக்கத்தை எழுத எனக்குக் கை துடிக்கிறது. ஆனால் எழுத முடியாது. ஏப்ரல் 6 அன்று என்னை விடுதலைக் குழு முன் உட்கார வைக்கப்போகிறார்கள். இங்கே இருக்கும் ஆலோசகர் அம்மாள் நல்லவள். ஒரு படிவத்தை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இத பாரு வெர்லீன், தெரியாம செஞ்சேன்னு சொல்றவங்கள இந்தக் குழு வெளிய விட்டு நான் பார்த்ததில்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன், வருத்தப்படறேன்னு எழுது. மே மாசம் உன் வீட்டு அடுப்புல நீ சமைக்கலாம்."

பொய்யை எழுதினால் வீடு, நிஜத்தை எழுதினால் சிறை. உன் வாஷிங்டனில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

ஓடிஸுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முன்பு நான்தான் வண்டி ஓட்டுவேன். இப்போது ஒரு வேன் வருகிறது, வராமலும் இருக்கிறது. போன வாரம் ஒரு நாள் தவறிவிட்டது, கால் வீங்கிக் கிடந்தாராம். அவருடைய வலி மாத்திரைக்காக டாக்டர் கையெழுத்தைப் போட்டுத்தான் நான் முதல் வழக்கில் மாட்டினேன் என்பது உனக்குத் தெரியும். அவருக்காக இன்னொரு பொய்க் கையெழுத்துப் போடுவது எனக்குப் பெரிதில்லை. ஆனாலும் படிவத்தை இன்னும் எழுதாமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அக்கா,
வெர்லீன்

----

வாஷிங்டன்,
மார்ச் 2

அக்கா,

உன் காலில் விழுகிறேன், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. நீ போட்ட மறுநாளே அதன் நகல் செனட்டர் மேஜைக்கு வந்துவிடும். அப்புறம் நீலச் சீட்டைத் தடுக்க என் கையில் ஒன்றும் இருக்காது.

குழு அக்டோபரில் மறுபடி கூடுகிறது. அதுவரை தள்ளி வைக்கச் சொல்லிக் கேள். ஆறு மாதம்தான். அத்தானுக்கு வண்டி ஏற்பாடு செய்ய நான் சர்ச்சில் பேசுகிறேன். ஹால்கம் உட்கார்ந்துவிட்டால் உன்னைப் போல எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்று யோசித்துப் பார். கண்ணை மூடினால் அந்த வரிசைதான் தெரிகிறது.

லயனல்

----

பெண்கள் சிறை,
மார்ச் 11

லயனல்,

இன்று விடுதலையாகிற ஒருத்தி இந்தக் கடிதத்தை உள்பாவாடையில் வைத்துக் கொண்டுபோகிறாள். இங்கே பெட்டியில் போடுவதை இப்போது பிரித்துப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் ஒரு தடவையாவது மனம் விட்டு எழுதுகிறேன்.

ஆறு மாதம்தான் என்கிறாய். ஓடிஸுக்கு ஆறு மாதம் இருக்கிறதா என்று யாரைக் கேட்டாய்?

என்னை அன்றைக்கு பஸ்ஸில் ஏற்றியது யார்? ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லோரும் சர்ச் உடுப்போடு ஓட்டுப் போடப் போகிற பஸ். திரும்பி வந்தால் பொரித்த கெளுத்தி மீன். நீ வாஷிங்டனிலிருந்து வந்து கையில் பட்டியலோடு படியில் நின்றிருந்தாய். "எனக்கு இன்னும் ஏழு வாரம் பாக்கி இருக்குடா, நான் வரலாமா?" என்று கேட்டேன். "நீ ஜெயிலுக்குள்ளயா இருக்க? வெளிய இருக்கிறவங்களுக்கு ஓட்டு உண்டு. ஏறுக்கா, போட்டோவுக்கு முன்னாடி நில்லு" என்றாய். வாஷிங்டன் சட்டத்தை நம் ஊருக்குப் பேசினாய். எனக்கு எப்படித் தெரியும்? நீதான் அதைப் படித்தவன்.

கோர்ட்டில் ஹால்கம் கேட்டார், "ஓட்டுப் போடலாம்னு யாராவது உன்கிட்ட சொன்னாங்களா?" என்று. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். "இல்லைங்க ஐயா, நானாத்தான் போனேன்" என்றேன். தகுதி இல்லாதவரை ஓட்டுப் போடச் சொன்னவருக்கும் நம் மாநிலத்தில் தண்டனை உண்டு என்று அதற்குள் தெரிந்துவிட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். நீ எழுந்து நிற்பாய் என்று நான் எதிர்பார்த்தேன், லயனல். பொய் சொல்ல மாட்டேன், எதிர்பார்த்தேன்.

இப்போது வக்கீல் சொல்கிறார், போகலாம் என்று நான் நம்பித்தான் போனேன் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி கிடைத்தால் வழக்கையே திறக்கலாமாம். அந்தச் சாட்சி யார் என்று அவருக்குக்கூட நான் சொல்லவில்லை. நீ வந்து சொல். சொன்னால் படிவத்தைத் தொட மாட்டேன், அக்டோபர் வரை இருக்கிறேன். ஓடிஸிடமும் நானே பேசிக்கொள்கிறேன். ஏப்ரல் 6 காலை வரை காத்திருப்பேன்.

வெர்லீன்

----

வாஷிங்டன்,
மார்ச் 24

அன்பு அக்கா,

கடிதம் கிடைத்தது. பத்துத் தடவை படித்தேன். உள்ளே வரும் தபாலை யார் யாரோ பிரிப்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் நான் எழுத முடியாது.

உதவியாளர் என்னிடம் நேராகக் கேட்டார், இதில் வேறு யாருக்காவது பங்கு உண்டா என்று. இல்லை என்று சொல்லிவிட்டேன். வழக்கு கறையில்லாமல் இருந்தால்தான் இங்கே ஒருவர் கதவைத் திறப்பார். இப்போது நான் வாயைத் திறந்தால், தகுதி இல்லாதவர்களை இவர்களே பஸ் வைத்து ஏற்றுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு நாடு முழுவதும் தம்பட்டம் அடிக்கும். ஒவ்வொரு சர்ச் பஸ்ஸும் நின்றுபோகும். ஹால்கம் சிரித்துக்கொண்டே போய் உட்காருவான்.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

முடிவு ஏப்ரல் கடைசியில் தெரிந்துவிடும். அதற்கு மறுநாள் நீ கேட்டதைச் செய்கிறேன். அம்மா மேல் ஆணை. கொஞ்சம் பொறு.

லயனல்

----

வாஷிங்டன்,
மே 4

அக்கா,

நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று பாஸ்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் செய்தேன்.

ஏப்ரல் 9 அன்று உதவியாளர் என்னை வரச்சொல்லி உன் படிவத்தின் நகலை மேஜையில் வைத்தார். "உங்க அக்காவே தெரிஞ்சுதான் போட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இதுக்கப்புறம் எங்க செனட்டரம்மா என்ன சொல்லித் தடுப்பாங்க?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று மாலையே அவருடைய சம்மதத்தோடு நீலச் சீட்டு போய்விட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் செனட்டில் ஓட்டெடுப்பு. அவர்களுக்குப் போதுமான ஆள்பலம் இருக்கிறது. ஹால்கம் மத்திய நீதிபதி ஆகிவிட்டான் என்றே வைத்துக்கொள்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதும் சொல்லியிருக்கலாம். உங்கள் மேஜையில் இருப்பது பொய், உண்மை என் வாயில் இருக்கிறது என்று. கோப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு என்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். பஸ் படியில் நடந்தது அத்தனையும் பிரமாணப் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அங்கே வந்து உன் வக்கீலிடம் கொடுக்கப்போகிறேன். என்னை உள்ளே போட்டாலும் போடட்டும். உன் பெயரில் இருக்கும் அழுக்காவது போகும். சரி என்று ஒரு வரி எழுது. அது போதும்.

லயனல்

----

மே 7

லயனல்,

இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். படித்தவுடன் வெள்ளிக்கிழமைப் பயணத்தை ரத்து செய்.

படிவத்தில் நான் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று நீ யோசிக்கவே இல்லை. தெரிந்தே செய்தேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் நான் வெளியே நிற்கிறேன். நீ வந்து, அவளுக்குத் தெரியாது, நான்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்தால், குழுவிடம் நான் பொய் எழுதியவள் ஆகிறேன். அது ஒன்று போதும், என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்கள். இன்னும் மூன்று வருடம் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது. வழக்கைத் திறந்து வக்கீல் ஜெயிப்பதற்குள் ஓடிஸைப் புதைத்திருப்பார்கள்.

உன் வாயிலிருந்து அந்த உண்மை எனக்கு வேண்டியிருந்த நாள் ஏப்ரல் 6. காலை ஆறு மணிக்கே குளித்துத் தலை சீவி உட்கார்ந்திருந்தேன். பார்க்க யாராவது வந்திருக்கிறார்களா என்று காவல்காரியிடம் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவளே, "யாரும் வரலம்மா, கிளம்பு" என்றாள். உள்ளே போனேன், எழுதினேன். வேறு யாருக்காவது பங்கு உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று போட்டேன்.

ஹால்கம் விஷயத்தில் நீ சொன்னதெல்லாம் சரிதான். அந்த ஆள் நிறையப் பேரை உள்ளே போடுவார். உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில்கூட அது எனக்கு மறக்கவில்லை. வாக்குச்சாவடி இருக்கும் தெரு வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுகிறேன். அந்தப் பக்கம் திரும்புவதற்கே பயமாக இருக்கிறது.

ஓடிஸ் பாதியாகிவிட்டார். உன்னைக் கேட்டார். வேலை அதிகம், வர முடியாது என்று சொல்லி வைத்தேன்.

அந்தப் பிரமாணத்தை எரித்துவிடு. நகல் இருந்தால் அதையும். இந்தக் கடிதத்தையும் எரி. நன்னடத்தை அதிகாரி எந்த நாளிலும் வந்து இந்த வீட்டு அலமாரியைக் கவிழ்த்துப் பார்க்கலாம், அவருக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. உன் கடிதங்கள் நான்கையும், சாக்ஸ் வாங்கியதாக எழுதியிருந்தாயே, அதையும் சேர்த்து இன்று காலை அடுப்பில் போட்டேன். நீ உண்மையைச் சொல்லாமல் இருந்தால்தான் இனி நான் வீட்டில் இருக்க முடியும். அதை மட்டும் எனக்காகச் செய். போன் பண்ணாதே, எழுதாதே, வராதே.

கீழே பெயர் போடவில்லை. கையெழுத்தே உனக்குத் தெரியும்.